பாவடிக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

சின்ன வக்கீல் பொய் சொல்கிறார்.

ஆபீஸ் வாசலில் பித்தளை எழுத்தில் ‘தலைமுறைகளாக மாறாத நேர்மை’ என்று மாட்டி வைத்திருக்கிறார். மாறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் நான் அந்த ஆபீசில் டைப் அடித்தவள். எனக்குத் தெரியும்.

போன வாரம் தபால்காரர் இரண்டு உறைகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று எனக்கு. அந்த ஆபீசின் ஆண்டு விழா அழைப்பு. பழைய ஊழியர் என்று ஞாபகமாக அனுப்பியிருக்கிறார்கள். கெட்டி அட்டை, அதன்மேல் பட்டு நூல் சுற்றி ஒரு முடிச்சு. இன்னொன்று எங்கள் தெரு நெசவாளர் சங்கத்துக்கு. என் வீட்டுக்காரர் சங்கத் தலைவர் என்பதால் எங்கள் வீட்டு முகவரி. அதே ஆபீசின் வக்கீல் நோட்டீஸ். எங்கள் பாவடி யாரும் பயன்படுத்தாத காலி மனையாம். அவர்களுடைய கட்சிக்காரர் ஒருவர் அதை வாங்கிவிட்டாராம். இனி தறிக்காரர்கள் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாதாம்.

வீட்டுக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, “விருந்துக்கும் கூப்புட்றாங்க, வெளியவும் போவச் சொல்றாங்க. முதல்ல எதுக்குப் போறது, நீயே சொல்லு” என்றார்.

பாவடி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் புளியமர வரிசைக்கு நடுவே நீளமான ஒரு வெளி. விடிந்ததும் அங்கேதான் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டி, அறுந்த இழையைச் சேர்த்து, கஞ்சி தோய்த்து வெயிலில் காயவைப்போம். அவ்வளவு நீளத்துக்கு எவர் வீட்டிலும் இடம் கிடையாது. பாவடி போனால் தறியில் ஏற்ற எங்களுக்குப் பாவு கிடையாது. இன்று காலையிலும் அங்கே பாவு காய்ந்தது.

நோட்டீஸை மேஜைமேல் போட்டுவிட்டு அழைப்பிதழைத்தான் கையில் எடுத்தேன். அட்டையில் புது மை வாசனை. நூலில் மட்டும் வேறு வாசனை. அந்துருண்டையும் பழைய தூசியும். அந்த வாசனைக்கு என் மூக்கு நேராக குமாஸ்தா கோதண்டம் அண்ணனிடம் போய் நின்றது.

அவர்தான் அந்த ஆபீசின் கட்டுகளுக்குக் காவல். ஊரெல்லாம் வக்கீல் ஆபீசில் கேஸ் கட்டை வெள்ளை நாடாவில் கட்டுவார்கள். எங்கள் ஆபீசில் பட்டு நூல். கட்சிக்காரர்களில் பாதிப்பேர் தறிக்காரர்கள். வரும்போது வீணான நூலை ஒரு பிடி கொண்டுவந்து போடுவார்கள். கோதண்டம் அண்ணன் அதை முறுக்கித் தெருவுக்கு ஒரு நிறம் வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு அரக்கும் கிளிப்பச்சையும் சேர்த்து முறுக்கிய நூல். பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரியில் கைநிறைய அந்துருண்டை. மதியச் சாப்பாட்டிலும் அது மணக்கும். என் தயிர்சாதத்துக்கு ஊறுகாயே வேண்டியதில்லை என்பார்கள்.

என்னை அங்கே வேலைக்கு எடுத்தது டைப் வேகத்துக்காக அல்ல. அது சுமார்தான். என் தொண்டைக்காக. தறி வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். பெரிய வக்கீலுக்கு, அதாவது இப்போதிருக்கும் சின்ன வக்கீலின் தாத்தாவுக்கு, அந்தக் குரல் தேவைப்பட்டது.

ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிராதும் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் ஆபீசில் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். கோர்ட் தமிழில் அல்ல, வீட்டில் பேசும் தமிழில். கட்சிக்காரர் எதிரே உட்கார வேண்டும். தெருக்கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது சொல்லக் கூசுகிற வரியை அந்த இடத்திலேயே அடித்துவிடுவார்கள். “இத்தினி பேர் காதுல விழுந்தா நிக்காத வரி ஜட்ஜு காதுல நிக்குமா?” என்பார் பெரியவர். குடும்ப மானம் போகும் கேஸ் என்றால் மட்டும் கதவைச் சாத்துவார். சாத்தினால் உள்ளே இருப்பவர்கள் அழுதுவிட்டுத்தான் வருவார்கள்.

எங்கள் பாவடிக்கு முன்பு ஒரு முறை ஆபத்து வந்தது. பக்கத்து அரிசி மில்காரர் அதைத் தன் இடம் என்று வழக்குப் போட்டார். தெரு சார்பில் ஏகாம்பரம் மாமா வந்து உட்கார்ந்தார். பதிலுரையை நான் வாசித்தேன். இடம் எங்கள் அனுபவத்தில் இருப்பது, மரம் யார் வைத்தது, எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் மாமா ஆத்திரத்தில் சேர்க்கச் சொன்ன வரி வந்தது: மில்காரர் பெண்களைச் செருப்பால் அடித்தார்.

வெளியே பூக்கடையில் கதம்பம் வாங்கிக்கொண்டிருந்த மாமாவின் சம்சாரம் அப்படியே உள்ளே வந்துவிட்டார்.

“இன்னாய்யா சொல்லிக்கினு இருக்குற? யாரை அடிச்சாரு? நான் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன். வாயாலதானே திட்டினாரு!”

“நீ சும்மா இரும்மே. கேஸு ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு...”

“கேஸு ஸ்ட்ராங்கா இருக்க நான் செருப்படி வாங்கணுமா? நாளைக்கு எங்க அண்ணன் வந்து கேட்டா நீ பதில் சொல்வியா?”

தெருவே சிரித்தது. பூக்காரம்மா, “அக்கா, அவரு அடிச்சதாவே இருக்கட்டும், நீயும் ஒண்ணு திருப்பிக் குடுத்துட்டு வந்துடு, கணக்கு நேராயிடும்” என்றாள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “மாமா, நெசம் இருக்கறப்போ எதுக்குப் பொய்யை தொணைக்குக் கூப்புட்றீங்க?” என்றார். கோர்ட்டில் மில்காரரின் சாட்சிகளே எங்கள் பதிலுரையில் ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை. பாவடி எங்களுக்கு நின்றது.

இன்னொன்றும் உண்டு. முதலில் வந்து எவர் பெஞ்சில் உட்கார்ந்தாரோ அவர் பக்கம்தான் அந்த ஆபீஸ். தாமல் பக்கத்திலிருந்து ஒருநாள் காலையில் ஒரு விவசாயி வந்து, ஏரிப் பாசன நிலத்தில் தம்பியோடு இருந்த தகராறைச் சொல்லிவிட்டுப் போனார். மதியம் அந்தத் தம்பியே வந்து நின்றார், மடி நிறைய மாம்பழத்தோடு. பெரியவர் உட்காரச் சொல்லவில்லை.

“காலைல உங்க அண்ணன் இந்த பெஞ்சுல உக்காந்தாருப்பா. பெஞ்சு இன்னும் சூடா இருக்குது.”

“எப்போ ஆறும் சொல்லுங்க சாமி, அப்போ வரேன்.”

கோதண்டம் அண்ணன் அலமாரிப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார். “அது ஆறாதுபா. வெயிட் பண்ணிக்கினு இருந்தா மாம்பழம்தான் அழுவும்.”

இவ்வளவும் ஒரு நூலின் வாசனையில் வந்தது. அதற்கப்புறம்தான் நூலின் நிறத்தைக் கவனித்தேன். அரக்கும் கிளிப்பச்சையும்.

மறுநாள் நோட்டீஸையும் அழைப்பிதழையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தெருக்கதவு இருந்த இடத்தில் இருட்டுக் கண்ணாடி. உள்ளேயிருந்து யாராவது பொத்தான் அழுத்தினால்தான் திறக்கும். பெஞ்சு மட்டும் இருந்தது. வார்னிஷ் அடித்து, கயிறு கட்டி, யாரும் உட்காராதபடி வைத்திருந்தார்கள். அழகுக்காம்.

சின்ன வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். அதில் குறை இல்லை.

“ஆன்ட்டி, நாங்க எந்த கேஸ் எடுத்தாலும் எதிர்ப்பக்கம் எங்க பழைய கிளையன்ட்டான்னு சிஸ்டத்துல செக் பண்ணுவோம். உங்க தெரு பேரே வரல.”

“பழைய கட்டுல பாத்தியாப்பா?”

“அதெல்லாம் ஸ்கேன் பண்ணல ஆன்ட்டி. பூச்சி அரிச்சுடுச்சுன்னு எடைக்குப் போட்டுட்டோம். நூல் மட்டும் நல்லா இருந்துச்சு. இன்விடேஷனுக்கு ஹெரிடேஜ் டச்சா இருக்கும்னு எடுத்து வெச்சோம். புடிச்சிருந்ததா?”

அழைப்பிதழிலிருந்த நூலை அவிழ்த்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

“இது எங்க பாவடி கேஸ் கட்டுனது. உங்க தாத்தா எங்களுக்காகப் பேசினாரு. நான்தான் வாசிச்சேன். இப்போ தெரிஞ்சுடுச்சு இல்ல, நோட்டீஸை வாபஸ் வாங்கு.”

“உங்க வார்த்தையை வெச்சு கிளையன்ட் கிட்ட எப்படி ஆன்ட்டி சொல்றது?” என்றார். காபி வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

தீர்ப்பு நகல் எங்கள் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. வேறு வக்கீலைப் பார்த்தாயிற்று. கோர்ட்டில் நாங்கள் நிற்போம், இடத்தையும் விடமாட்டோம். பயந்து இதை எழுதவில்லை. திறந்த கதவு போய்விட்டது, கோதண்டம் அண்ணன் போய்விட்டார், கட்டுகள் எடைக்குப் போய்விட்டன. அதற்கெல்லாம் அழ எனக்கு நேரமில்லை. ஆனால் போனவற்றின் பேரைச் சொல்லி விழா எடுப்பதை விடமாட்டேன்.

சின்ன வக்கீல் சார், உங்கள் விழாவுக்கு நான் வரவில்லை. நீங்கள் எங்கள் பாவடிக்கு வாருங்கள். விடியற்காலை, பாவு விரித்திருக்கும் நேரம். கதவு கிடையாது, அதனால் திறந்தே இருக்கும். உங்களுக்கு ஒரு பெஞ்சு போடுகிறோம். உங்கள் நோட்டீஸை உங்கள் வாயால், வீட்டுத் தமிழில், எல்லார் காதிலும் விழ வாசியுங்கள். ‘யாரும் பயன்படுத்தாத காலி மனை’ என்ற வரி வரும்போது தலையைத் தூக்கி எதிரே நிற்கிறவர்களைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த வரி நிற்குமா, அடித்துவிடலாமா என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.