மந்திரித்த கட்டும் அச்சாபீஸ் நாயக்கரும்

என் பெயர் ஞானம்மாள். சாந்தோமில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எனக்கே தெரியும். அந்த வாயே அடைத்துப்போய் நான் அழுத சங்கதியைத்தான் இங்கே சொல்லுகிறேன். பொறுமையாய்க் கேளுங்கள்.

சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரர் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் ஒரு கடிதாசி இல்லை. செவ்வாய் தவறாமல் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றேன். "அவரை உயிரோடு கொண்டுவந்து சேரும். உமது நவநாள் ஜெபத்தை ஐந்நூறு பிரதி அச்சடித்து, உமது திருநாளில் இனாமாய்க் கொடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். 1945 ஏப்ரலில் அவர் வந்தார். பாதி உடம்பாய், மலேரியாவோடு வந்தார். ஆனாலும் வந்துவிட்டார்!

சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் மயிலாப்பூரில் அச்சாபீஸ் வைத்திருந்த நாயக்கரிடம் கொடுத்தேன். திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டு கைக்கு வந்தது. கோயிலில் பூசை முடிந்து சுவாமியார் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓட்டமாய் ஓடி, கயிறுகூட அவிழ்க்காமல் கட்டை நீட்டி, அவர் கையால் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வாங்கிக்கொண்டேன். அப்படி ஓர் அவசரம் எனக்கு.

வீட்டில் வந்து பிரித்தால், ஐயோ, என்னவென்று சொல்வேன்! மசி ஊறி எழுத்தெல்லாம் அப்பிக் கிடந்தது. தொட்ட விரல் கரியானது. அந்தோனியார் கையிலிருந்த குழந்தை சேசுவின் முகமே தெரியவில்லை. அன்று மத்தியானம் பார்த்து இவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. நேர்த்திக்கடன் பாழாகிவிட்டது, அந்தோனியார் இவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று அழுதேன்.

"இன்னாத்துக்கு ஞானம் அழுவுற?" என்றார் கம்பளிக்குள்ளிருந்து, பல் கிடுகிடுக்க. "அந்தோனியார் இன்னா வட்டிக்கு உட்ற ஈட்டிக்காரனா, தவணை தப்புனா ஆளத் தூக்கிக்கினு போவ?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

மறுநாள் ஒரு தாளோடு நாயக்கரிடம் போனேன். சண்டை போடும் தயாரிப்போடுதான் போனேன். அவரோ பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சண்டைக்கால மசி டீச்சரம்மா, எவனோ கெரசின் கலந்து என் தலையில கட்டிட்டான். தப்பு எம்மேலதான். கட்டக் கொண்டாந்து போட்டுட்டு துட்ட வாங்கிக்கினு போங்க. பொட்டலம் மடிக்கிறவனுக்குப் போட்டு வர்றத நான் பாத்துக்கறேன்."

மந்திரித்த பொருளைக் காசுக்கு மாற்றுவதா? அந்தோனியார் ஜெபத்தில் வேர்க்கடலைப் பொட்டலமா? கட்டைக் கொடுத்தால் பாவம். கொடுக்காவிட்டால் பணம் இல்லை, நேர்த்தியும் இல்லை. வாய் திறக்காமல் திரும்பினேன்.

மழையில் நனைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று நாயக்கரிடம் ஏதாவது பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன். கோயிலுக்குப் போய் சுரூபத்தின் முன் உட்கார்ந்துவிட்டேன். "தொலைந்ததை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவராமே, தொலைந்துபோன என் புத்தியைக் கண்டுபிடித்துத் தாரும்" என்று கோபமாய்க் கேட்டேன். பிறகு கோபம் போய்விட்டது. வெறுமனே அழுதேன். உள்ளதை உள்ளபடி போய்ச் சொல் என்ற ஒரே நினைவுதான் மனதில் திரும்பத் திரும்ப வந்தது.

போனேன். பிரித்துப் பார்க்காமல் மந்திரித்து வாங்கியது என் தப்பு, அதை எரித்துச் சாம்பலைப் புதைக்கலாமே தவிர விற்கக் கூடாது என்று நாயக்கரிடம் சொன்னேன். "சரக்கு இல்லாமல் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை" என்றேன்.

நாயக்கர் கை மசியைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "எங்க ஊட்லயும் சாமி படம் கிழிஞ்சா கால்ல பட உட மாட்டோம், கடல்லதான் உடுவோம்" என்றார். "எரிங்க. நானும் வரேன். சாம்பல்தான் சரக்குன்னு வச்சிக்கறேன்."

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கடற்கரை மணலில் எரித்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இவரும் வந்தார். நாயக்கர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். சாம்பலைப் புதைத்ததும் முழுப் பணத்தையும் என் கையில் வைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பணத்தை அங்கேயே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "நீங்களே அடிச்சுக் குடுங்க. ஆனா நல்ல மசியில!"

திருநாளுக்கு முந்தின நாள் புதுக் கட்டைத் தானே சுமந்து வந்தார். பிரித்தோம். குழந்தை சேசுவின் கண், மூக்கு, விரல் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மறுநாள் கோயில் வாசலில் நின்று அத்தனையும் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். ஐந்து நாளாய்க் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம். அன்றுமுதல் நான் வேண்டுதலைப் பயந்து பயந்து செய்வதில்லை, பிரியமாய்ச் செய்கிறேன். நீங்களும் அழுகையோ கோபமோ, உள்ளதை அப்படியே கொண்டுபோய் அவர் முன் வையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கட்டை இறக்கி வைத்த நாயக்கர் வாசலிலேயே தயங்கி நின்றார். "டீச்சரம்மா, இத மந்திரிச்சாச்சுன்னா எனக்கும் ஒண்ணு குடுங்க. எம் பொஞ்சாதி ஆறு மாசமா படுத்த படுக்கையா கீறா" என்றார். இத்தனை நாளும் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முதல் தாளை அவருக்குத்தான் கொடுத்தேன். அந்த அம்மாள் பெயர் கமலம். இதைக் கேட்கிறவர்கள் இன்று அவளுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள்.