அலிப்பூர் மேடைக்கு ஒன்பது பாவாடை

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதியதைப் படம் பிடித்துத்தான் இந்த இணையப் பக்கத்தில் போடுகிறோம், அதனால் ஒளிக்க வழியில்லை. வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். 'ண' எழுதும்போது எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறேன். எனக்கு அறுபத்தேழு வயது. போன வருடம்தான் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அரைப் பக்கம் எழுதி முடிக்க ஒரு மணி நேரமாகிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வருத்தமான சங்கதியை எழுதும்போதுகூட ஒரு சொல் சரியாக வந்து உட்கார்ந்தால் மனசு துள்ளுகிறது. இந்தக் கட்டுரையில் துள்ளல் கொஞ்சம், மழை அதிகம்.

கொல்கத்தாவில் நடக்கும் ஃபேஷன் வாரத்துக்கு நானும் என் மனைவி ராஜாத்தியும் ஆகஸ்ட் கடைசியில் போய் வந்தோம். வேடிக்கை பார்க்க அல்ல, எங்கள் உடைகளைக் காட்ட. ஈரோட்டில் வீட்டுக்குப் பின்னால் எங்கள் தையல் பட்டறை இருக்கிறது. ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். இருபது வருடமாக ஒரு மொத்த வியாபாரிக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நைட்டியில் நான் யோசிக்க எதுவும் கிடையாது. ராஜாத்தியின் தங்கை மகள் நித்யா கொல்கத்தாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். இடுப்பிலிருந்து பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்து, நடக்கும்போது குடை விரிவதுபோல் விரியும். அதைப் பார்த்தவர்கள் கேட்கக் கேட்க, அவளே படங்களை அனுப்பி, புதியவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு காட்சியில் எங்களுக்கு இடம் வாங்கிவிட்டாள். ஒன்பது உடைகள்.

அதோடு, கொல்கத்தாவில் கரியாஹாட் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் போனில் பேசினார். மேடையில் பார்த்துப் பிடித்தால் ஒன்பதையும் எடுத்துக்கொண்டு, துர்கா பூஜைக்கு இன்னும் நூறு தைக்கக் கொடுப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விட்டுத் தைக்க வேண்டும். அவர் கடைக்கு வருகிறவர்கள் ஐம்பது வயதுப் பெண்கள், பிரித்து விட்டுக்கொள்ள இடம் வேண்டும். இதே நேரத்தில் நைட்டி வியாபாரி தீபாவளி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். ஆக, நாங்கள் இனி டிசைனரா, நைட்டிக்காரரா என்பது அந்தக் கடைக்கார அம்மாள் கையில் இருந்தது.

ஈரோட்டிலிருந்து சென்னை, அங்கிருந்து கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி. சென்னையிலிருந்து ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம். மூன்றடுக்கு ஏசியில் ஒருவருக்கு 1,800 ரூபாய் ஆனது. உடைகளை மடிக்க மனம் வராமல் நீளப் பைகளில் போட்டு மேல் படுக்கையில் கிடத்திவிட்டு, நானும் ராஜாத்தியும் கீழ்ப் படுக்கையில் மாறி மாறித் தூங்கினோம். ஒடிசா தாண்டியதும் பிடித்த மழை, நாங்கள் திரும்பி வரும்வரை விடவில்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து ஜாதவ்பூரில் நித்யா தங்கியிருக்கும் வீட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர், வாடகைக் கார் 450 ரூபாய். வழியெல்லாம் பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கில்கள் துணி சுற்றாமல் நனைந்துகொண்டு நின்றன.

முதல் நாள் மற்றவர்களின் காட்சிகளைப் பார்த்தோம். அலிப்பூரில் ஒரு பெரிய மண்டபம். ஜாதவ்பூரிலிருந்து ஏழு கிலோமீட்டர், மழையில் ஒரு மணி நேரம். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் டிசைனர் என்று போட்டிருக்கிறது என்று நித்யா படித்துச் சொன்னாள். ஆங்கிலம் எனக்கு இன்னும் வரவில்லை. இருந்தும் அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எங்களுக்கு மூன்றாவது வரிசை. ஒரு காட்சி பத்து நிமிடம்தான். மாதக்கணக்கில் தைத்தது பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. பாட்டு நெஞ்சுக்குள் இடிக்கிறது. சணல் சாக்கில் ஒருவர் அங்கி தைத்திருந்தார், தோள் வெட்டு அபாரம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என்னைத் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை.

நடந்து வந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ராஜாத்தி என் காதுக்குள் கேட்டாள்:

"ஏனுங்க, இந்தப் புள்ளைங்க எல்லாம் ஏன் வட்டி வசூலுக்கு வந்தாப்ல மொறைக்குது?"

"அப்படித்தான் நடக்கோணுமாம் புள்ள."

"நம்ம துணியப் போட்டுக்கிட்டும் இப்படித்தான் மொறைக்குமா?"

இரண்டாம் நாள் எங்கள் முறை. காலை பதினொன்றுக்கு ஒத்திகை, மாலை ஆறரைக்குக் காட்சி. ஒன்பதும் மெல்லிய பருத்தி, முதல் உடை வெங்காயத் தோல் நிறம். ரியா என்ற பெண் அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளை விளக்கு அடித்தது. அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு தையலிலும் உள்ளே ஒரு விரல் அகலம் விட்டிருந்த துணி, வெளிச்சத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. பன்னிரண்டு தையல், பன்னிரண்டு பட்டை. விரிந்த குடையில் கம்பி தெரிவதுபோல் இருந்தது. பட்டறையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இது தெரியவே இல்லை.

மேடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் நடத்துகிற மிதாலி என்ற பெண்மணி ஓடி வந்தார். அங்கே எல்லோரும்போல அவரும் என்னை 'தாதூ' என்றுதான் கூப்பிட்டார், நம் ஊர்த் தாத்தா.

"தாதூ, எட்டா சோல்பே நா," என்றார். இது ஆகாது என்று அர்த்தம். மீதியை நித்யா சொன்னாள்: "பெரியப்பா, உள்ள இருக்கற துணிய ஒட்ட வெட்டிருங்கன்னு சொல்றாங்க. இல்லன்னா ஒரு டிரஸ்ஸும் மேடைக்குப் போகாதாம்."

"வெட்டிட்டா அந்தம்மா கடைக்கு எதைக் கொடுக்கறது? ரியா இடுப்புக்கு மட்டும் ஆகற துணிய யார் வாங்குவா?" என்றேன்.

"மேடைக்கே போகாத துணிய மட்டும் வாங்குவாங்களாக்கும்?" என்றாள் ராஜாத்தி. "கத்திரிய எடுங்க. நான் வெட்டறேன்."

"தொடாத. அந்தம்மா கேட்ட ஒண்ணே ஒண்ணு அதுதான்."

எல்லோரும் பார்க்க நாங்கள் ஈரோட்டுச் சண்டையை அலிப்பூரில் போட்டோம். கடைசியில் ராஜாத்திதான் வழி சொன்னாள். உள்ளே வெள்ளைப் பாவாடை கட்டிவிட்டால் வெளிச்சம் ஊடுருவாது. புடவைக்குக் கட்டுகிற சாதாரணப் பாவாடை. எனக்கு அதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

அலிப்பூரிலிருந்து கரியாஹாட் ஐந்து கிலோமீட்டர். மஞ்சள் டாக்ஸி, பேரம் பேசி 250 ரூபாய். நடைபாதைக் கடைகளுக்கு நீல பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்கள், அதில் தேங்கிய தண்ணீரைக் கடைக்காரர்கள் கம்பால் தள்ளிவிட, அது நேராக நம் தலையில் விழுகிறது. பாவாடைக்கு அங்கே 'ஷாயா' என்று பெயர். ஷாயா கேட்டால் டீ வராது, நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வெள்ளைப் பாவாடை, ஒன்று 180 ரூபாய். திரும்பி வரும்போது சாலையில் முழங்கால் தண்ணீர். டாக்ஸி வெகு நேரம் நகரவே இல்லை. டிரைவர் பீகார்க்காரர், பெரிய மூட்டையைப் பார்த்து இந்தியில் கேட்டார், வீட்டில் கல்யாணமா என்று.

"இல்ல பையா, ஃபேஷன் ஷோ," என்று நித்யாவும் இந்தியில் பதில் சொன்னாள்.

அவர் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாடல் யார், இவரா?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்த நாளில் சிரித்தது அது ஒன்றுதான்.

மண்டபத்துக்கு வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. ரியாவுக்குப் பாவாடையைக் கட்டிப் பார்த்தோம். கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. நம் ஊர்க் கடைகளைப்போல் அங்கேயும் பாவாடை முப்பத்தெட்டு அங்குலம். அந்தப் பெண்களுக்கோ நாற்பத்து நாலு அங்குலமாவது வேண்டும். பாவாடைக்குக் கீழே துணி வெளிச்சமாகவும் மேலே மங்கலாகவும், வாசலில் கோடு போட்டதுபோல் இருந்தது. அந்தப் பெண்களை முதல் நாள் முழுக்கப் பார்த்தும் அவர்கள் உயரம் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு தையல் மெஷின், அதற்கும் முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான்கு பாவாடைகளைக் காப்பாற்ற மற்ற ஐந்தை வெட்டி ஒட்டுக் கொடுத்தோம். நான் வெட்டினேன், ராஜாத்தி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். ஆறு இருபதுக்கு மிதாலி வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். "ஹோயே கேச்சே, தாதூ. சார்ட்டே." போதும், நான்கு.

நான்கு உடைகள் போயின. மற்ற ஐந்தும் கம்பியிலேயே தொங்கின. பட்டைகள் தெரியவில்லை, உண்மை. ஆனால் உள்ளே ஒட்டுப்போட்ட கனத்த பாவாடை இருந்ததால் குடை விரியவே இல்லை. காலைச் சுற்றிக்கொண்டு சரிந்தது. கடைசியில் டிசைனர் மேடைக்கு வந்து கும்பிட வேண்டும். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு ராஜாத்தியும் நானும் வெறுங்காலோடு நடந்தோம். பின்னால் பெரிய திரையில் எங்கள் பெயர் ஆங்கிலத்தில் வந்தது. கைதட்டல் மழைச் சத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அப்படியிருந்தும் அந்த இருபது அடி நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கடைக்கார அம்மாள் பின்பக்கம் வந்தார். நரைத்த முடி, நல்ல தாந்த்துக் கைத்தறிப் புடவை, நடந்து வந்த நான்கு உடைகளையும் புறங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு நித்யாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்.

"என்ன சொல்றாங்க?"

"துணியும் வெட்டும் ரொம்ப நல்லா இருக்காம், பெரியப்பா. ஆனா இந்தப் புழுக்கத்துல பூஜைக் கூட்டத்துல உள்பாவாடையோட யாரும் போட மாட்டாங்களாம்."

"பாவாடையே வேண்டாம்னு சொல்லு! அது விளக்குக்காகக் கட்டுனது. அந்த அஞ்சையும் காட்டு."

நித்யா ஐந்தையும் எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் ஒன்றின் உட்புறத்தைத் திருப்பி, விட்டிருந்த துணியை விரலால் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இதுதான் அவங்க கேட்டதாம். ஆனா கடையில ஒவ்வொரு டிரஸ் பக்கத்துலயும் அது மேடையில நடந்த போட்டோவ மாட்டுவாங்களாம். போட்டோவப் பாத்துத்தான் ஜனங்க எடுக்கறாங்க. இதுக்குப் போட்டோ இல்ல. இருக்கற போட்டோல துணி விரியல."

அவர் என் பக்கம் திரும்பி, "சாரி, தாதா," என்று அண்ணன் முறை வைத்துக் கையைக் கூப்பினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கடை நடத்துகிறவருக்கு அவர் கணக்கு இருக்கும்.

ஞாயிறு மதியம் சாந்த்ராகாச்சியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நைட்டி வியாபாரியே கூப்பிட்டார்.

"என்னுங்க மேஸ்திரி, கல்கத்தாவுல கொடி நாட்டிட்டீங்களா? ரேம்புல நைட்டி நடந்துச்சா?"

ராஜாத்தி போனுக்குக் கை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை.

"துணிய அனுப்புங்க. தெக்கிறோம்," என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க! ரெண்டாயிரம் உருப்படி. எல்லாம் ஒரே சைஸ்."

ரயில் கிளம்பியதும் ராஜாத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வெட்டியிருந்தா ஒம்போதும் நடந்திருக்கும். குடை விரிஞ்சிருக்கும்," என்றாள். "விரிஞ்சு? அந்தம்மா உள்ள திருப்பிப் பாத்துட்டு வேண்டாம்னிருப்பாங்க," என்றேன். "போட்டோவாவது இருந்திருக்கும்," என்றாள். இதை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. யார் சொன்னது சரி என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

என்னைப்போல் முதல் தடவை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெல்லிய துணி என்றால் ஊரிலேயே பக்கவாட்டில் பலமான விளக்கைப் பிடித்து, ஆளை நடக்கவிட்டுப் பாருங்கள். அந்தப் பெண்களின் உயரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒத்திகை எங்களுக்கு அன்று காலையில்தான் கிடைத்தது, முந்தின நாளே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கைமெஷின் ஒன்று எடுத்துப் போவது பாரமில்லை. ஆகஸ்டில் எந்தத் தூரத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். மேடைக்குப் பின்னால் சாப்பாடு என்று நம்பாதீர்கள், காகிதக் கோப்பையில் காபி மட்டும்தான். முக்கியமாக, வாங்குகிறவருக்கும் மேடைக்கும் வேண்டியது ஒன்றுதானா என்று தைப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

பட்டறைப் பெண்கள் ஐந்து பேருக்கும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் மும்தாஜ் தன் தெரு முழுக்க, இனி நைட்டி தைக்கப் போவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் சொல்கிறேன் என்று ராஜாத்தி சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். நாளை காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, நைட்டித் துணி வந்து இறங்குவதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். அவர்கள் என்னைத் திட்டினாலும், சிரித்தாலும், பேசாமல் மெஷினில் போய் உட்கார்ந்தாலும், அடுத்த வாரம் அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.