முதல் ரேங்க் வாங்கிய கண்ணாடி

சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில், பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் நடந்தது இது. நான் வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வருஷம் நெருங்குகிற சர்வீஸ். கணக்கில் என்னைத் தப்பு சொல்ல ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பும் உண்டு.

மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். பாத்ரூமோடு இருப்பது ஒரே ஒரு அறைதான். அதுவும் மேற்குப் பார்த்தது. மாலை நாலு மணிக்கு உள்ளே போனால் இட்லிக் குண்டானுக்குள் போனமாதிரி இருக்கும். ஏ.சி. போடலாம் என்றால், கோடையில் எங்கள் தெருவில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். இரண்டு மர ஜன்னல்களையும் கரையான் வேறு தின்றிருந்தது. சித்திரை வெயிலில் பச்சைக் குழந்தையை அந்த அறையில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தூக்கமே இல்லை. ஜன்னலை மாற்றிவிடுவோம், அதுவும் சூட்டைத் தடுக்கிற ஜன்னலாக என்று கிளம்பினேன்.

பெரம்பலூரில் ஜன்னல் கடை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவன், நான் கிளம்பும்வரை உட்காரவே இல்லை. உள்ளங்கை அளவில் மூன்று மாதிரிக் கண்ணாடிகளை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர், அதில் இரண்டு எண்கள். எண்ணைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். எண்கள் அதிகமாக இருந்ததற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, குறைச்சலாக இருந்ததற்கு மூன்று என்று ஸ்டிக்கர் மேலேயே ரேங்க் போட்டுவிட்டேன். முதல் ரேங்க் வாங்கிய கண்ணாடிதான் விலையிலும் குறைவு. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதையே போட்டுரு" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, "சரிங்க டீச்சர், நாளைக்குக் காலைல அறுத்துடுறேன்" என்றான். வீட்டுக்காரரிடம் காட்ட மாதிரிகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். மடியில் டிரில்லிங் மிஷின் பை, கையில் அளவு டேப். பஸ் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, பெருமை பொறுக்காமல் நான் மறுபடி கண்ணாடிகளை எடுத்துப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார்.

"டீச்சருங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"கண்ணாடிக்கு ரேங்க் போட்டுருக்கீங்களே!" என்று சிரித்தார். தா.பழூர்ப் பக்கம் ஊராம். வீட்டில் எல்லோரும் வயல் வேலை செய்தவர்கள், இவர் ஒருத்தர் மட்டும் ஜன்னல் மாட்டும் வேலைக்கு வந்துவிட்டாராம். பிறகு மெதுவாக, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதுல கம்மி மார்க்கு வாங்குறதுதான் ஃபர்ஸ்ட்டு" என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. "கம்மி மார்க் வாங்குனா எப்படிம்மா ஃபர்ஸ்ட்டு?"

"இது ஜன்னலு வாங்குன மார்க்கு இல்லீங்க. வெயிலு வாங்குன மார்க்கு. எவ்வளவு வெயில் சூட்ட உள்ள விடுதுன்னு ஒரு நம்பரு, சூடு எவ்வளவு வேகமாக் கடந்து வருதுன்னு இன்னொரு நம்பரு. ரெண்டும் கம்மியா இருக்கணும். கையக் காட்டுங்க."

எங்கள் சீட்டு ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. என் முதல் ரேங்க்கை வெயிலுக்கு நேராகப் பிடித்து, அதற்குப் பின்னால் என் கையை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று சுட்டது. மூன்றாம் ரேங்க்கைப் பிடித்தார். மரத்தடியில் கை வைத்ததுபோல் இருந்தது. எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா வித்த காட்டுறீங்க?" என்று கண்டக்டர் வந்து தன் கையை நீட்டினார். "அட, ஆமாங்க!" என்றார். பின் சீட்டிலிருந்த ஒருவர் தன் வழுக்கைத் தலையை முன்னால் நீட்டி, "இதுல வச்சுப் பாரும்மா, தெளிவாத் தெரியும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. முகம் தொங்கியிருந்த நானும்தான்.

உடனே மாணவனுக்குப் போன் போட்டேன். "கண்ணாடியை அறுக்காதப்பா. மூணாவதைப் போடு."

"அப்பாடா! நானும் அதான் டீச்சர் நெனச்சேன்."

"நெனச்சியா? அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க சொல்றப்ப எப்படி டீச்சர் தப்புன்னு சொல்றது?"

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். ஆனால் உள்ளே உறுத்தியது. எட்டாம் வகுப்பில் ஒருநாள் அவன் எழுந்து, "டீச்சர், போர்டுல அந்த வரி..." என்று ஆரம்பித்ததும், "முதல்ல உன் நோட்டைப் பாரு" என்று உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. அன்று அந்த வரி சரியா தப்பா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயங்கொண்டத்தில் இறங்கும்போது அந்தப் பெண், "ஸ்டிக்கர்ல இருக்குறது கண்ணாடிக்கு மட்டுமா, சட்டத்தோட சேத்தான்னு கேளுங்க. முழுசாத் தொறக்குற ஜன்னலா வாங்குங்க, சாயங்காலம் காத்து வேணும்ல? வெயில் நேரா அடிக்காம ஜன்னலுக்கு மேல வெளிய ஒரு சாய்ப்பும் எறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தா.பழூர் பஸ்ஸுக்கு ஓடினார். பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மாணவனே ஆட்களோடு வந்தான். ஜன்னல் உள்பக்கம் திறக்கட்டும் என்றேன். கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கடைசியில், "அது தப்பு டீச்சர். மழத் தண்ணி உள்ள வரும்" என்று சொல்லியேவிட்டான். நான் கைதட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். நாலு மணி வெயிலில் அந்த அறையில் அவள் கையைக் காலை நீட்டித் தூங்கியதைப் பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது தயங்கி எழுந்து, "அந்த வரி தப்போ டீச்சர்?" என்றால் சாக்பீஸை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பேர் தெரியாத அந்தப் பெண் மட்டும் அன்று, டீச்சராயிற்றே, நமக்கேன் வம்பு என்று பேசாமல் இருந்திருந்தால், குழந்தை வேர்த்து வீறிட்டு அழுதிருக்கும். நான் முதல் ரேங்க் ஜன்னல் போட்ட பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்திருப்பேன்.