பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தம்

ஐம்பதுகளின் நடுவில் நான் இராமநாதபுரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. தலைவலி உத்தியோகத்தோடு சேர்ந்தே வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தலைவலிப் பொடி தின்றேன். வயிறு எரிந்தால் சோடா குடித்தேன். ஒரு வாரமாக மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. அதை எவரிடம் சொல்வது?

ஒரு நாள் காலை கச்சேரியிலேயே மயங்கி விழுந்தேன். தாசில்தாருக்குப் பயந்து விழுந்ததாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது என் மனைவியும் கச்சேரிப் பியூனும் பக்கத்தில் நின்றதால், லேசான அசதி என்று மட்டும் சொன்னேன். டாக்டர் ஒரு டானிக்கை எழுதிவிட்டு என்னைக் கடைசிக் கட்டிலில் போடச் சொன்னார்.

சற்று நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்குப் பெரியபட்டினத்துப் படகுக்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வந்ததும் பேசின் நிறையச் சிவப்பாக வாந்தி எடுத்தார். அப்படி ஒரு ஓங்காரத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டாக்டர் பேசினைப் பார்த்தார், முகம் வெளுத்தார், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிடச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஒரு பஸ் கொள்ளுமளவு உறவினர்கள் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று குர்ஆன் ஓதத் தொடங்கினார்கள். எனக்கு எவரும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை. சாகப் போகிறவர்மேல் பொறாமைப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அப்போது வயிறு கலக்கியது. பெட்பேன் கேட்டேன். அதை எடுத்துப் போக வந்த நர்ஸ் அம்மா உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"எத்தனை நாளா இப்படிப் போகுது?"

"ஒரு வாரமா."

"எந்திரிச்சு உக்காருங்க."

உட்கார்ந்தேன். கூரை சுற்றியது. நான் சாய்ந்த பிறகும் அவர் என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு டாக்டரை அழைத்து வந்தார்.

"அந்தப் பேசின்ல பாதி தண்ணி சார். அவுக நாடி நிதானமா அடிக்குது. கத்துறவுகளைப் பெறகு பாக்கலாம். பேசாமக் கெடக்காரே, இவரைப் பாருங்க."

டாக்டர் என் நாடியைப் பிடித்தார், இமையை இழுத்துப் பார்த்தார், தலைவலிப் பொடி வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். மனைவி வாய்விட்டு அழுதாள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமே. ஆளுக்கா பஞ்சம்? துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சும்மாதானே நின்றார்கள். நாலு பேரைச் சோதித்ததில் படகுக்காரரின் தங்கை மகனுக்கும் எனக்கும் ரத்தம் ஒத்துப்போனது. அந்த வாலிபன் சட்டையைக் கழற்றியபடி, மாமுவை வழியனுப்ப வந்த இடத்தில் எவருக்கோ ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டான்.

எனக்கு மூன்று வாரம் வெறும் பாலும் மருந்தும்தான். படகுக்காரர் ஐந்தாம் நாளே எழுந்து நடந்தார். தன்னைச் சாகிறவர்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். நான் வந்தபோதே என் நோயைத் தாம் சந்தேகப்பட்டதாக டாக்டர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே என் பெட்பேனை எடுத்துப் போனார்.

ஊருக்குக் கிளம்புமுன் படகுக்காரர் என் கட்டிலருகே வந்தார்.

"இனிமே நீங்க நமக்குச் சொந்தக்காரவுக. மீனு அனுப்பி வைக்கேன், மறுக்கக் கூடாது."

சொன்னபடியே மறு வாரம் ஒரு பெரிய சீலா மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவியும் பியூனும் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். மிகவும் நன்றாக இருந்ததாக இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.