யூனுஸ் வாயைக் கட்டிக்கொண்ட நாள்

நன்னிலத்துத் தையல்காரர் யூனுஸுக்குப் பல்லியைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், கடன்காரர் அல்லாதவர் கதவைத் தட்டினாலும் பயம். அப்பேர்ப்பட்ட மனுஷர் விவசாயக் கூலிகளின் சங்கத்துக்குப் பாட்டு எழுதினார் என்றால் யார் நம்புவார்கள்? போலீஸ் நம்பியது.

எழுபத்தாறில், எமர்ஜென்சி சமயத்தில் மாநில ஆட்சியைக் கலைத்த கையோடு, அவர் பாட்டை அச்சடித்தவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அறுவடைக் கூலி கேட்கிற பாட்டுதான். கடைசி அடியில் டில்லியையும் ஒரு இழுப்பு இழுத்திருந்தார், அதுதான் வினை. சேதி வந்ததும் யூனுஸ் தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சங்கத்துக்காரர் பஞ்சநதம் வீட்டுக்கு ஓடினார். அம்மா ஹபீபுன்னிசாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை.

தாடி போயிற்று. பெயர் தியாகராசன் ஆயிற்று. பஞ்சநதத்தின் மனைவி ஞானாம்பாள் தினமும் காலையில் திருநீற்று மடலை நீட்டி, "கோவிச்சுக்காதீங்க பாய்" என்பாள். பூசிக்கொள்ளும்போது அல்லா மன்னிப்பானா என்று யூனுஸ் நடுங்குவார். வேர்வையில் அது அழிந்துவிடுமோ என்று அதைவிட அதிகமாக நடுங்குவார். அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாசியில் ஒரு நாள் களத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பேசியது பஞ்சநதத்திடம், பார்த்தது யூனுஸை.

"யாருய்யா இவன்?"

"நம்ம ஆளுங்க. வேலைக்கு வந்துருக்காரு."

"சரி. அந்தப் பாட்டு எழுதுறவன் யூனுஸ் இருக்கான்ல, அவன் அம்மா நேத்து செத்துப்போச்சு. புள்ள மண்ணு போட வருவான்னு பாத்தோம், வரலை."

சாவுச் சேதி காதில் விழுந்தால் முஸ்லிம் வீட்டில் பிறந்தவர் வாய் தானாகவே 'இன்னா லில்லாஹி' என்று சொல்லும். முன்பின் தெரியாதவர் சாவுக்கும் சொல்லும், கணக்குத் தீராத பங்காளி சாவுக்கும் சொல்லும். இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும். அவர் யூனுஸின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யூனுஸ் நாக்கைக் கடித்தார். இரத்தம் உப்புக் கரித்தது. குனிந்து, கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வைக்கோல் போர்ப் பக்கம் நடந்தார். ஜீப் போய்விட்டது. போருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அங்கேயும் பயத்தில் அவருக்கு வாய் திறக்கவில்லை.

பஞ்சநதத்துக்கு மனசு கேட்கவில்லை. மாடு பார்க்கிற சாக்கில் நன்னிலம் போய்த் திரும்பினார்.

"பாய், பொய் சொல்லியிருக்கான். அம்மா நல்லா இருக்காங்க. அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தாங்க."

யூனுஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நடந்ததைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'நான் மவுத்தாயிட்டேன்னு கேட்டு எம்புள்ள என்ன பண்ணுச்சு?'ன்னாங்க. 'ஒண்ணும் பண்ணலீங்கம்மா, கட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாரு'ன்னேன். 'ஒரு வார்த்தை ஓதலையா?'ன்னாங்க. இல்லேன்னேன்." பஞ்சநதம் தயங்கினார். "'நல்லவேளை, புள்ள பொழச்சான்'னாங்க. அப்புறம் உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க. தட்டிப் பாத்தேன் பாய். தொறக்கவே இல்லை."

ஜீப்பைக் கண்டு வந்த பயமெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது யூனுஸுக்கு. அந்தச் சாத்திய கதவைத் தானே போய்த் தட்டப்போவதாகச் சொன்னார்.

"போவாதீங்க பாய், வாசல்லயே ஆளு போட்டிருப்பான்" என்று ஞானாம்பாள் அழுதாள்.

"தெரியும்மா" என்றார்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தார். வழியில் காக்கிச் சட்டை கண்ணில் பட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். நன்னிலத்தில் அவர் தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாடியில்லாத முகத்தை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. யூனுஸ் அவர்களைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அம்மா, நான் யூனுசு வந்துருக்கேன்!"