மதினி பணம் கட்டப் போன காலை

எங்க ஊர்ல வேலை வீடு தேடி வரும். தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருவுல குச்சியை இறக்கிட்டுப் போகும், அடுக்கிக் குடுத்தா கூலி. அதனால, கோவில்பட்டியில பிரவுசிங் சென்டர் வந்த புதுசுல, 'வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை'ன்னு கம்ப்யூட்டர்ல பார்த்தப்ப எனக்குச் சந்தேகமே வரலை. குச்சிக்குப் பதிலா எழுத்து, அவ்வளவுதானேன்னு நினைச்சேன். முன்பணம் கேட்டிருந்துச்சு. பி.எஸ்சி. படிச்ச மருமகளாச்சே, நாலு பேர்கிட்ட விசாரிப்பேனா? வீட்டுக்காரருக்குத் தெரியாம சீட்டுப் பணத்தை எடுத்து பேங்குல கட்டினேன்.

கட்டினதுக்கப்புறம் அவன் குடுத்திருந்த போன் நம்பர் செத்துப்போச்சு. மெயில் போட்டா திரும்பி வருது. புரிஞ்சுபோச்சு. உடனே பேங்குக்கு ஓடினேனா, போலீசுக்குப் போனேனா? ஒரு மண்ணும் செய்யலை. யார் கண்லயும் பட்டுரக் கூடாதேன்னு அவன் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வச்சிருந்ததைக் கிழிச்சு சாக்கடையில போட்டுட்டு, சோறாக்கப் போயிட்டேன்.

இதுல பக்கத்து வீட்டு மதினிகிட்ட இந்த வேலையைப் பத்திப் பீத்தினதும் நான்தான். அவிய மகளையும் இதுல சேர்த்துவிடணும்னு கம்மலை அடகு வச்சிருந்தாவ. மறுநாள் காலையில என் வாசல்ல நின்னு, "ஏட்டி, நானும் பணம் கட்டத்தான் போறேன். வாரியா?"ன்னு கேட்டாவ.

"நீங்க போய்ட்டு வாங்க மதினி"ன்னேன். என் வாயில கொள்ளிய வைக்க!

அவிய தெருமுனை திரும்பினதும் அடுப்பை அணைச்சுட்டு ஓடினேன். பேங்குல மதினிக்கு முன்னால ஒரே ஒரு ஆள். தனியாச் சொல்லலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தா, "வரிசை போயிரும், இங்கனயே சொல்லுட்டி"ன்னாவ. பேங்குல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்காங்க.

"கட்டாதீங்க மதினி. அவன் ஃப்ராடு. நான் ஏமாந்துட்டேன்."

"இதக் காலையில சொல்லுததுக்கு என்ன கேடு?"

"வெக்கமா இருந்துச்சு."

மேனேஜர் உள்ள கூப்பிட்டு விசாரிச்சார். "தெரிஞ்ச உடனே வந்திருந்தா, அந்தக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாமேம்மா. அவன் அனுப்பின மெயில் எங்க?"ன்னார். "சாக்கடையில சார்"ன்னேன். "சரி, முதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க"ன்னு அனுப்பி வச்சார்.

மதினி வழியெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஆனா கூடவே வந்தாவ. ஸ்டேஷன்ல ஏட்டையா எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு, "ஏமாந்த அறிவாளி யாரும்மா?"ன்னு சிரிச்சார்.

"நாங்க ரெண்டு பேருந்தான். எழுதுங்க"ன்னாவ மதினி, கட்டாத பணத்தை இடுப்புச் செருகல்ல இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிட்டே.

அவிய 'நாங்க'ன்னப்ப கூசின அளவுக்கு, பேங்குல அத்தனை பேர் பார்த்தப்பகூட நான் கூசிப்போகலை.