அறையைக் காலி செய்தவர்களுக்கு ஒரு வரி

வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஊரில் பாதிப் பேருக்குத் தொழில் நடத்தவே தெரியாது என்று அப்போது உறுதியாக நம்பினேன். புத்தூரில் எட்டு அறைகளை வாடகைக்கு விடும் அக்காவும் என் கணக்கில் அந்தப் பாதியில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கும் இடம் அது. வெந்நீர், கஞ்சி எல்லாம் அக்காவே பார்த்துக்கொள்வார். பக்கத்தில் புது லாட்ஜுகள் வந்து, எல்லோரும் போனிலேயே அறை பிடிக்க ஆரம்பித்ததும் அவருடைய அறைகள் காலியாகக் கிடந்தன. இப்படியே போனால் கட்டடத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்.

பழைய வெப்சைட்டைத் திறந்தால் ஒரு ரோஜாப்பூ ஆடியது. அறையின் படம் ஒன்றுகூட இல்லை. வாடகை என்ன, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எதுவும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன்.

அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். அறையைக் காலி செய்பவர்கள் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. அக்காவும் போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்புவதில்லை. பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். வாடிக்கையாளரிடம் இனிமையாக நாலு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். அவர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். காலி செய்த அன்று சாயங்காலம் தானாகவே வாட்ஸ்அப்பில் போகும்படி ஒரு செய்தி: "எங்களோடு தங்கியதற்கு நன்றி. மீண்டும் வருக!" அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை மேதாவித்தனம்.

நாலாம் நாள் வையம்பட்டியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கணவரோடு வந்து இரண்டு வாரம் தங்கியிருந்து, தனியாகத் திரும்பிப் போனவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை.

"மறுபடி வரச் சொல்லியிருக்கீங்க. இனிமே நான் யாரைக் கூட்டிட்டு வர?"

தப்பு எங்கள் பேரில்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அக்காதான் பேசினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தச் செய்தியையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்க வேணாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீங்களான்னு மட்டும் போடு. போறவங்க எல்லார்கிட்டயும் அதைக் கேக்கணும்னு நினைப்பேன். போன் பண்ண மனசு வராது."

அப்படியே போட்டேன். நாளாக ஆக அறைகள் நிறைந்தன. கட்டடம் தங்கியது என்றார் அக்கா. அதற்கு மேல் அவர் சந்தோஷப்படவில்லை.

அடுத்த வருடம் என் அம்மாவைப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஸ்ரீரங்கத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். ஐ.சி.யு.விலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று பயந்து பக்கத்திலேயே இருக்க நினைத்தேன். அக்காவிடம் பேசத் தெம்பில்லாமல், நான் செய்த வெப்சைட்டிலேயே அறை பதிவு செய்தேன். அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பத்தாம் நாள் அம்மா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்த பிறகு, அறையைக் காலி செய்யப் போனேன். அக்கா என் பையை ஆட்டோவில் வைத்தார். வாய்ப்பழக்கத்தில் வந்த போயிட்டு வரேனை விழுங்கிக்கொண்டேன். அக்காவின் கை ஆட்டோக் கம்பியில் கொஞ்ச நேரம் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். போனில் செய்தி வந்தது.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீங்களா?"

அதை யாரும் உட்கார்ந்து அனுப்பவில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அம்மா. பாதி நாள் நான் பதில்கூடப் போட்டதில்லை.

சேர்ந்துட்டேன் என்று தட்டி அனுப்பினேன்.